பி.எஸ்சி. நர்சிங், புதுச்சேரி–கடலூர் வட்டாரம்: நாலு வருஷப் படிப்புக்கு ஒரு மதிப்பீடு

காலாப்பட்டில் தொடங்கி கோரிமேடு, பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் என்று தெற்கே இறங்கி, மஞ்சக்குப்பம் தாண்டிச் சிதம்பரம் வரைக்கும் போனால் நர்சிங் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் ஜிப்மர் இருக்கிறது. புதுச்சேரி அரசின் அன்னை தெரசா நிறுவனம் இருக்கிறது. பிம்ஸ், கஸ்தூர்பா காந்தி, விநாயகா மிஷன் என்று தனியார் வரிசை இருக்கிறது. சிதம்பரத்தில், முன்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து பிறகு தமிழ்நாடு அரசின் சுகாதாரத் துறைக்கு மாறிய ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இந்தச் சாலை முழுக்கப் பெற்றோர்கள் கட்டடத்தையும் ஹாஸ்டலையும் ஃபீஸையும் விசாரித்துக்கொண்டு அலைவார்கள்.

இந்த மதிப்பீடு அவர்களுக்காக. எந்தக் கல்லூரி முதலிடம், எது இரண்டாமிடம் என்று இதில் வராது. நாலு வருஷத்தில் மாணவிக்குக் கையில் கிடைக்கும் சேவை என்ன, அதில் எந்தப் பாகம் தேறுகிறது, எது தேறவில்லை என்பதுதான் விஷயம். முதல் செமஸ்டரில் யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆசையாக வந்த பிள்ளை, மூன்றாம் செமஸ்டரில் ‘அட்டெண்டன்ஸ் கெடைச்சா போதும்’ என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. அதே மார்க் எடுத்து, அதே ஊரிலிருந்து வேறு கல்லூரிக்குப் போன பிள்ளையோ ஐந்தாம் செமஸ்டரிலும் டூட்டி முடிந்து அரை மணி கூட நின்று டிரெஸ்ஸிங் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறது. வீட்டிலும் ஸ்டாஃப் ரூமிலும் ‘பிள்ளைக்கு இன்ட்ரஸ்ட் இல்ல’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவை ஏற்க முடியாது. நர்சிங்கில் ஆர்வம் என்பது பெரும்பாலும் கல்லூரி நடத்துகிற விதத்தால் வளர்கிறது, நடத்துகிற விதத்தாலேயே கெடுகிறது.

பாடத்திட்டம் எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றுதான். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பாடத்திட்டப்படி 8 செமஸ்டர். ஒரு செமஸ்டருக்கு 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம். தியரியில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் 1 மணி, லேபில் 2 மணி, வார்டில் 4 மணி. நர்சிங் ஃபவுண்டேஷன் ஒரு பாடத்துக்கு மட்டும் முதல் செமஸ்டரில் தியரி 120 மணி, ஸ்கில் லேப் (செய்முறை பழகும் அறை) 80 மணி, வார்டு 160 மணி. இரண்டாம் செமஸ்டரில் லேப் 120, வார்டு 320 ஆக ஏறுகிறது. பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் வார்டு வருகை 100 சதவீதம் முடிந்திருக்க வேண்டும், விட்ட நாளை ஈடுகட்டியே ஆக வேண்டும். காகிதத்தில் இது நன்றாக யோசித்துச் செய்த படிப்பு. பரிமாறுகிற கைதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஸ்கில் லேப்: சாமான் இருக்கிறது, நேரம் இல்லை

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 60 பேர் வகுப்பைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு டம்மி (பழகுவதற்கான மனித உருவப் பொம்மை), 2 மணி நேரம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 12 நிமிடம் வருகிறது. ஆனால் கதீட்டர் என்கிற சிறுநீர்க் குழாய் போடுவதை ட்ரே அடுக்குவதிலிருந்து சிறுநீர் சேரும் யூரோபேகைக் கட்டில் சட்டத்தில் மாட்டுவது வரை முறையாகச் செய்தால் 20 நிமிடம் பிடிக்கும். அப்படியானால் 6 பேர் செய்வார்கள், 4 பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். கடைசியில் பத்துப் பேரின் லாக் புக்கிலும் (செய்த வேலையைப் பதியும் நோட்டு) கையெழுத்து விழும். பார்த்ததோடு நின்ற அந்த நாலு பேர்தான் வார்டில் கதீட்டர் போட வேண்டிய நேரத்தில் ஸ்கிரீனுக்குப் பின்னால் போய் நிற்பார்கள். அதைச் சோம்பல் என்று எழுதிவிடுகிறார்கள். கை பழகாத பயம் அது.

இதற்கு மருந்து எளிது. டைம்டேபிளுக்கு வெளியே லேபைத் திறந்து வைக்க வேண்டும். மாலை 3 முதல் 5 வரை ஒரு டியூட்டரோ நாலாம் வருஷ மாணவியோ இருந்தால் போதும், பிள்ளைகள் வந்து செய்து பார்ப்பார்கள். அப்படித் திறந்து வைக்கிற இடத்தில் பரீட்சை நெருங்கும்போது டம்மிக்கு வரிசை நிற்கும். ஆனால் பல இடங்களில் டம்மிகள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டி இருக்கின்றன. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும், உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் கொஞ்சம் உண்டு, ஏனென்றால் டம்மி பாழாவது பெரும்பாலும் தெரியாத்தனத்தால்தான். பெட்டடைனைத் தடவினால் அந்தக் கறை போகாது. செய்தித்தாளை அடியில் விரித்தால் அச்சு மை தோலில் ஏறிவிடும், பால்பாயிண்ட் பேனாக் கோடும் அப்படியே. கதீட்டர் பலூனில் ஏற்றிய தண்ணீரை சிரிஞ்சில் திரும்ப எடுக்காமல் இழுத்தால் உள்ளே இருக்கும் வால்வு கிழியும். ஜெல்லிக்குப் பதில் வெறும் தண்ணீர் தொட்டுக் குழாயை நுழைத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும், அப்போது பிள்ளை பலமாகத் தள்ளும். அது டம்மிக்குக் கேடு. அந்தத் தள்ளும் பழக்கம் நாளைக்கு நோயாளிக்குக் கேடு. ஐ.வி. பழகும் கையில் ஒரே இடத்தில் எல்லோரும் குத்தினால் ரப்பர் நரம்பு ஓட்டையாகிச் சிவப்புத் தண்ணீர் ஒழுகும். நரம்பும் மேல்தோலும் தேய்கிற பொருள், மாற்ற வேண்டியவை என்று வருஷாவருஷம் கணக்கில் வாங்கி வைக்கிற கல்லூரிதான் லேபை உண்மையில் பயன்படுத்துகிறது. கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் ஐ.வி. கையைக் காட்டச் சொல்லுங்கள். புத்தம் புதிதாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். குத்துத் தழும்பும் பக்கத்தில் மாற்றுத் தோலும் இருந்தால் நல்ல அறிகுறி.

பி.பி. பார்ப்பதைக் கற்றுக்கொடுக்கும் விதத்தில் ஒரு கல்லூரியின் முழுத் தரமும் தெரிந்துவிடும். முதல் மாதம் வார்டுக்குப் போன குழுவின் சார்ட்டை எடுத்துப் பாருங்கள், எல்லா நோயாளிக்கும் 120/80, 110/70, 130/90 என்றே இருக்கும். கடைசி எண் எப்போதும் பூஜ்யம். மாணவிக்குச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சொல்லவும் தைரியமில்லை, பழைய சார்ட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்று தேடினால் காரணம் கையளவில் இருக்கும். ஸ்டெத்தின் காதுமுனை முன்பக்கம், மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், திருப்பிப் போட்டிருப்பாள். சேலை ரவிக்கைக் கையின் மேலேயே கஃப்பை, அதாவது காற்றடிக்கும் பட்டையை, சுற்றியிருப்பாள். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே நிற்காமல் ஸ்டெத்தின் வட்டத் தகடான டயஃப்ரமை மூடியிருக்கும். ரப்பர் குழாய் கட்டில் கம்பியில் உரசிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வால்வை அவசரமாகத் திறந்திருப்பாள். வினாடிக்கு 2 மி.மீ. வேகத்தில் இறக்க வேண்டியதை 10 மி.மீ. வேகத்தில் இறக்கினால் முதல் சத்தம் தப்பித்தான் போகும்.

இதைத் திருத்த இரண்டு ஜோடி காதுமுனை உள்ள டீச்சிங் ஸ்டெத் ஒன்று போதும். மணிக்கட்டு நாடி மறையும் அளவைத் தொட்டுப் பார்த்து, அதற்கு மேல் 30 ஏற்றி, மெல்ல இறக்கி, ஆசிரியரும் மாணவியும் ஒரே சத்தத்தை ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். ‘எங்க ஆரம்பிச்சுது, சொல்லு பாப்போம்’ என்று கேட்டால் பிள்ளை ‘132 மேடம்’ என்று சொல்லும். 134 என்று ஆசிரியருக்குக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. வட்டமாக முடியாத ஒரு எண்ணைத் துணிந்து சொன்ன நாளிலிருந்து அந்தப் பிள்ளை தன் காதை நம்பும். இந்த ஸ்டெத் பெரிய விலைப் பொருள் இல்லை. இருந்தும் லட்சக்கணக்கில் சிமுலேட்டர் வாங்கிய இடங்களில் இது இல்லாமல் இருப்பது வருத்தமான விஷயம். இப்போது பாதரச பி.பி. கருவி குறைந்து முள் காட்டும் அனிராய்டு வந்துவிட்டது. காற்று முழுக்க வெளியேறிய பிறகும் முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் அந்தக் கருவியை ஓரம் கட்ட வேண்டும் என்பதையும் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

சிமுலேஷன் அறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்லது, ஆனால் பொம்மையை வைத்து 15 நிமிடம் காட்சி ஓட்டினால், அதன்பிறகு உட்கார்ந்து ‘என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், ஏன் அப்படிச் செய்தாய்’ என்று பேச அதைப்போல இரண்டு மடங்கு நேரம் வேண்டும். அந்தப் பேச்சு இல்லையென்றால் செலவு வீண்.

வார்டு: இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான்

நோயாளி எண்ணிக்கையில் இந்த வட்டாரத்துக்குக் குறையே இல்லை. ஜிப்மருக்கும் கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரிக்கும் எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கும் கடலூர் தலைமை மருத்துவமனைக்கும் விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அறுப்புக் காலத்தில் பாம்புக்கடி, வருஷம் முழுக்கப் பூச்சிமருந்து குடித்த கேஸ், முந்திரிக் கொட்டை எண்ணெய் பட்டுத் தோல் வெந்த கைகள், மீனவர் குப்பத்திலிருந்து சர்க்கரைப் புண்ணோடு வரும் கால்கள். பாடப்புத்தகத்தில் வெளிநாட்டு உதாரணமாகப் படிப்பதைவிட இவை நூறு மடங்கு பாடம் சொல்லும்.

பூச்சிமருந்து கேஸையே எடுத்துக்கொள்வோம். முறிவு மருந்தான அட்ரோபின் ஓடும்போது ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்: நெஞ்சில் கரகரப்பு நின்றதா, நாடி 80-க்கு மேல் ஏறியதா, மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல் நிற்கிறதா, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியது விரிந்ததா, அக்குள் காய்ந்ததா. அளவு மிஞ்சினால் காய்ச்சல் அடிக்கும், ஆள் பிதற்றுவார், குடல் சத்தம் அடங்கிவிடும். இந்த நோயாளியை ஒரு மாணவியிடம் ஒப்படைத்து, சார்ட்டைக் கையில் கொடுத்து, இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுது என்று சொன்னால் அவள் நகரவே மாட்டாள். தான் எழுதும் எண்ணைப் பார்த்து டாக்டர் டிரிப்பைக் கூட்டுகிறார், குறைக்கிறார் என்பது கண்ணெதிரே நடக்கிறது. பாம்புக்கடியில் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையும் அப்படித்தான். 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயோ பிளாஸ்டிக் குழாயோ தவறான முடிவைக் காட்டும். இவ்வளவு பொறுப்பான வேலையை முதலில் பக்கத்தில் நின்று காட்டி, பிறகு செய்யச் சொல்லி மேற்பார்வை பார்த்தால், ‘நான் இங்க தேவைப்படுகிறேன்’ என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிடும். ஈடுபாடு என்பது அந்த எண்ணம்தான்.

நடைமுறையில் நடப்பது வேறு. ஒரு மாணவிக்கு 3 நோயாளி என்பது கவுன்சில் சொல்லும் விகிதம். ஒரே மருத்துவமனைக்கு மூன்று நான்கு கல்லூரிகள் ஒரே வாரத்தில் போஸ்டிங் போட்டால், 30 கட்டில் வார்டில் 35 பேர் யூனிஃபார்மோடு நிற்பார்கள். டூட்டி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எல்லோரும் பி.பி. பார்த்து முடித்துவிடுவார்கள், ஒரே தாத்தாவுக்கு நாலு பேர் பார்த்திருப்பார்கள். அவர் ‘இன்னும் எத்தினி பேரும்மா வருவீங்க’ என்று கையை இழுத்துக்கொள்வார். அதன்பிறகு மாணவிகளின் வேலை சுவரோரம் நிற்பது, இல்லையென்றால் சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் நோயாளி சேவைதான், அதில் குறை இல்லை. ஆனால் ஒரு மாத மெட்-சர்ஜ் (மருத்துவ, அறுவைச் சிகிச்சை வார்டு) போஸ்டிங் முழுக்க அதிலேயே போனால் அந்தப் பிள்ளை வார்டை வெறுக்கும்.

சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்ற கேள்வியோடு பெற்றோர்கள் நிறுத்திவிடுகிறார்கள். கட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 75 சதவீதமாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. காலியான வார்டில் பெட் மேக்கிங்கைத் தவிர எதுவும் பழக முடியாது. சாதாரண நாளில், காலை 10 மணிக்கு, ஓ.பி. வரிசையையும் ஆண்கள் மருத்துவ வார்டையும் ஒரு தடவை நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். முகாம் நடக்கும் நாளில் போகாதீர்கள்.

அடுத்தது கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். பிள்ளைகள் ‘சி.ஐ. மேடம்’ என்று சொல்கிறவர். 10 மாணவிக்கு ஒரு ஆசிரியர் என்பது விதி. அவர் வார்டில் எங்கே இருக்கிறார் என்பதுதான் முக்கியம். நர்ஸிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து ரெக்கார்ட் திருத்திக்கொண்டிருந்தால் 10 பேருக்கும் ஆசிரியர் இல்லை என்றே அர்த்தம். நல்ல சி.ஐ. டூட்டி தொடங்குமுன் 15 நிமிடம் குழுவை நிறுத்தி, யாருக்கு எந்த நோயாளி, இன்று எதைக் கவனிக்க வேண்டும், எதைத் தனியாகச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுவார். முந்தின நாளே கட்டில் எண் தெரிந்தால் இன்னும் நல்லது, பிள்ளை ராத்திரி அந்த நோயைப் படித்துவிட்டு வரும். நேரம் முடியும்போது மறுபடி 15 நிமிடம்: என்ன நடந்தது, எது புரியவில்லை. இந்த அரைமணி நேரத்தை எந்தக் கல்லூரி தவறாமல் கொடுக்கிறதோ அங்கே பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்கிற பிள்ளைக்குத் தூக்கம் வராது.

திட்டுகிற இடம் பற்றியும் சொல்ல வேண்டும். கிளவ்ஸ் போட்ட கை ஸ்டெரைல் இல்லாத இடத்தில் பட்டுவிட்டால் உடனே நிறுத்த வேண்டும், அதில் தயவு காட்டக் கூடாது. ஆனால் நோயாளியின் உறவினர் ஏழு பேர் பார்க்க, ‘உன்ன யாரு நர்சிங்ல சேத்துவிட்டது’ என்று கத்தினால் அந்த மாணவி அடுத்த ஒரு மாதம் எந்த ட்ரேயையும் தொட மாட்டாள். ‘கிளவ்ஸ் பட்டுருச்சு, மாத்திட்டு வா, இங்கேர்ந்து திரும்ப ஆரம்பி’ என்று சொன்னால் வேலை முடிந்தது. நோயாளிக்கும் பாதுகாப்பு, பிள்ளைக்கும் பாடம். வார்டு ஸ்டாஃப் சிஸ்டர்களின் நடத்தைக்கும் இதே பங்கு உண்டு. ‘ஏய் ஸ்டூடண்ட்’ என்று கூப்பிடுவதற்கும் பேர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை மாணவிகள் வருஷக்கணக்கில் மறப்பதில்லை. பையை வைக்க ஒரு அலமாரி, குடிதண்ணீர், உடை மாற்ற ஒரு அறை, பெண்கள் கழிப்பறை ஆகிய நாலும் இல்லாத வார்டில் 7 மணி நேரம் நிற்கச் சொல்லிவிட்டு ஆர்வத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மாணவர்கள், அதாவது பையன்கள், பிரசவ வார்டில் தனிப் பிரச்சினையைச் சந்திக்கிறார்கள். உறவினர்கள் மறுக்கிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டு வார்டில் பையன்களை வெளியே நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் லாக் புக்கில் கல்லூரி அதே எண்ணிக்கை கேட்கிறது. சி.ஐ. கூடவே போய், ‘இவர் எங்க மாணவர், நான் பக்கத்திலேயே இருப்பேன், உங்களுக்குச் சம்மதமாம்மா’ என்று தாயிடம் நேராகக் கேட்டால் ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மறுத்தால் மரியாதையாக விலகி அடுத்த தாயிடம் கேட்க வேண்டும். இதைப் பையனே தனியாகக் கேட்டுச் சமாளிக்க வேண்டும் என்று விடுவது சரியில்லை.

எழுத்து வேலை: இதில்தான் சேவை தோற்கிறது

கேர் பிளான், கேஸ் ஸ்டடி, கேஸ் பிரசென்டேஷன், டிரக் ஃபைல், ஹெல்த் டாக், புரொசீஜர் புக். போஸ்டிங்குக்குப் போஸ்டிங் இத்தனையும் கையால் எழுத வேண்டும். ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவில் பார்டர், முதல் பக்கத்தில் பூ. ராத்திரி 11 மணிக்கு ஹாஸ்டலில் சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிப்பதுதான் நடக்கிறது. எல்லா நோயாளிக்கும் முதல் நர்சிங் டயக்னோசிஸ் (நர்ஸ் கவனிக்க வேண்டிய பிரச்சினை) ‘அறுவைச் சிகிச்சைப் புண்ணால் ஏற்பட்ட வலி’. ஆபரேஷனே ஆகாத ஆளுக்கும் அது போய் ஒட்டிக்கொண்டதைப் பார்க்கலாம். ரெக்கார்ட் செமஸ்டர் கடைசியில் மொத்தமாகத் திரும்பி வரும், பக்கத்துக்கு ஒரு சிவப்பு டிக்.

கேர் பிளான் என்ற கருத்தில் தவறில்லை. நோயாளியைப் பார், பிரச்சினையை வரிசைப்படுத்து, என்ன செய்யலாம் என்று திட்டமிடு, செய், பலன் இருந்ததா என்று பார் என்பதை மூளைக்குள் பதிய வைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. பக்க எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். 20 பக்கக் கேஸ் ஸ்டடிக்குப் பதில் ஒரே தாள். அதில் இன்றைய நோயாளியின் இன்றைய எண்கள்: வலி 10-க்கு எத்தனை, எத்தனை மி.லி. உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது, புண்ணின் நீளம் எத்தனை செ.மீ. அதைக் காப்பி அடிக்க முடியாது, ஏனென்றால் அந்த எண் வேறு யாரிடமும் இல்லை. இரண்டு நாளுக்குள் திருத்தி, ‘நீ எழுதின இரண்டாவது பிரச்சினைதான் முதல்ல வரணும், இவருக்கு மூச்சு வாங்குதே’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அடுத்த தாள் தானாகத் தேறும். பாதி எழுத்து வேலை பாடத்திட்டத்தால் வருவதில்லை, கல்லூரியின் வழக்கத்தால் வருகிறது. வழக்கத்தை மாற்ற யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

மொழியும் இதனோடு சேர்ந்த விஷயம். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை நோயாளியிடம் அருமையாகப் பேசும். ‘வெளிக்குப் போச்சாம்மா, வயிறு ஊதின மாரி இருக்கா’ என்று கேட்டு முழு விவரத்தையும் வாங்கிவிடும். அதையே ஆங்கிலத்தில் ஹேண்ட் ஓவர் (டூட்டி மாறும்போது நோயாளி விவரத்தை ஒப்படைப்பது) கொடுக்கச் சொன்னால் வாய் மூடிக்கொள்ளும். உடனே ‘ஒண்ணும் தெரியல’ என்ற முத்திரை. கேரளத்திலிருந்து வந்த பிள்ளைக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, ஆங்கிலம் வரும், தமிழ் நோயாளியிடம் நிற்கத் தயங்கும். இருவரையும் ஒரே கட்டிலுக்குச் சேர்த்துப் போட்டால் இரண்டு வாரத்தில் இருவருக்கும் பழகிவிடும். ஹேண்ட் ஓவருக்கு நாலே பகுதி உள்ள அட்டை ஒன்று கோட் பையில் இருக்கட்டும்: இப்போது என்ன நிலை, முன்கதை என்ன, நான் பார்த்தது என்ன, இனி என்ன செய்ய வேண்டும். முதல் மாதம் தமிழில் சொல்லவிட்டு, இரண்டாம் மாதம் மருந்துப் பெயரும் எண்ணும் ஆங்கிலத்தில், மூன்றாம் மாதம் முழுக்க ஆங்கிலத்தில் என்று ஏற்றிக்கொண்டு போகலாம். பரீட்சை ஆங்கிலத்தில்தான் என்பதால் ஆங்கிலத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதை நோயாளி முன்னால் அவமானமாக்கிக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஹாஸ்டல், பஸ், ஊசி

காலை டூட்டி 7 மணிக்கு என்றால் ஹாஸ்டலில் 4.30-க்கு எழுந்து குளியலறை வரிசையில் நிற்க வேண்டும். 6.15-க்கு பஸ். மெஸ்ஸில் இட்லி 6.30-க்கு வெந்தால் பிள்ளை வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகும். முதல் டிரெஸ்ஸிங்கில் மயங்கி விழும் பிள்ளைகளில் பலர் சாப்பிடாதவர்கள். பஸ் கிளம்புமுன் டிபன் தயாரா என்று மெஸ் பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். டூட்டி முடிந்து மதியம் 2.30-க்கு தியரி வகுப்பு வைக்கிற கல்லூரியில் அந்த வகுப்பு தூக்கத்தில்தான் கழியும். வார்டு நாளையும் வகுப்பு நாளையும் தனித்தனி வாரமாகப் பிரிக்கிற இடங்கள் பரவாயில்லை.

ஊசி விஷயத்தில் சமரசம் கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணை. சேர்ந்த வாரமே முதல் ஊசி போட்டால்தான் வார்டில் ஊசி பிடிக்கும் நேரத்துக்குள் இரண்டாவதாவது முடியும். மூன்றாவது முடிந்து 1 முதல் 2 மாதத்தில் எதிர்ப்புச் சக்தி அளவைப் பார்க்க வேண்டும், 10 mIU/ml அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. வார்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் கூடிய வரை 2 மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். ராத்திரி டூட்டியில் ஊசி குத்தினால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று முதல் வருஷ மாணவி ஒருத்தியைக் கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வந்தால் அந்தக் கல்லூரி பிள்ளைகளைக் கவனிக்கிறது.

கம்யூனிட்டி போஸ்டிங் இந்த வட்டாரத்தில் நன்றாகவே நடக்கிறது, இதைப் பாராட்டியே ஆக வேண்டும். கிராமங்கள் பக்கத்தில் இருக்கின்றன, ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒத்துழைக்கின்றன. வீட்டுத் திண்ணையில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் பையை வைத்து, கை கழுவும் சாமானை முதலில் எடுத்து, கழுவி, ஏப்ரன் போட்டு, வேலை முடிந்து பயன்படுத்தியதைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் திரும்பப் பைக்குள் வைப்பது என்ற பேக் டெக்னிக்கை மாணவிகள் இங்கே நிஜமாகவே பழகுகிறார்கள். வார்டில் வாய் திறக்காத பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து ஒரு அக்காவிடம் சத்துமாவு பற்றிப் பேசுவதைப் பார்க்கலாம். கும்பல் இல்லை, அவசரம் இல்லை, ஒரு வீடு முழுக்க அவள் பொறுப்பு. வார்டிலும் இதையே கொடுத்தால் என்ன என்று கல்லூரிகள் யோசிக்க வேண்டும்.

சேர்க்கை புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டுக்கு சென்டாக் (புதுச்சேரியின் மையச் சேர்க்கைக் குழு) வழியாக, தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குச் சென்னைத் தேர்வுக் குழு வழியாக. இரண்டுக்கும் தேதி வேறு, சான்றிதழ் வேறு, கடலூர் எல்லையில் இருக்கிறவர்கள் இருப்பிடச் சான்றை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் வந்ததும் இடத்தை உறுதி செய்யுமுன் ஒரு தடவை கல்லூரிக்கு மாலை 3 மணிக்குப் போங்கள், காலையில் வேண்டாம். ஸ்கில் லேப் திறந்திருக்கிறதா, உள்ளே ஆசிரியர் கூப்பிடாமல் வந்த பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். லேப் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி, போன மாதத்தில் டைம்டேபிளுக்கு வெளியே எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு டூட்டி முடிந்து வரும் கல்லூரி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், இறங்கும் மூன்றாம் செமஸ்டர் பிள்ளைகளிடம் இன்று எந்த நோயாளியைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கட்டில் எண்ணும் நோயும் மருந்தும் கடகடவென்று வந்தால் சேர்க்கலாம்.